எங்கள் பிள்ளைகளின் பயிற்சிக்கு நீங்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுகிறீர்கள்?

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கும் 39 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநர். இருபது வருடத்துக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு அரம் பிடிக்கவும் வெர்னியரில் அளவு பார்க்கவும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். படிப்பு முடிந்ததும் அவர்களில் பலர் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக, ஏதாவது ஒரு நிறுவனத்துக்குப் போவார்கள். அதனால் தொழில் பழகுநர் சட்டத்தைப் பற்றியும் வகுப்பில் பேசுவேன். அப்படி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “இந்த மாதிரி சட்டம் வரும்போது நம்ம எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போடுறாருன்னு எங்க சார் பார்க்கலாம்?”

பெரும்பாலும் பார்க்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வேண்டியிருந்த பதில். அதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரியாததல்ல. சாதாரணச் சட்ட மசோதாக்களில் பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுகின்றன. ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்கிறார்கள், எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்கிறார்கள், எந்தச் சத்தம் பெரியது என்று சபாநாயகர் முடிவு செய்கிறார். யார் வாயிலிருந்து எது வந்தது என்பது எந்த ஏட்டிலும் இருக்காது. அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மட்டும் சிறப்புப் பெரும்பான்மை தேவை, அதனால் தலையெண்ணி ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு மக்களவையில் ஆதரவாக 454 பேர், எதிராக 2 பேர் என்று இன்றும் நம்மால் சொல்ல முடிகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு தொழிற்சாலைக்குள் என்ன நிலையில் நிற்பான் என்பதைத் தீர்மானிக்கும் சட்டத்துக்கு அப்படி ஒரு கணக்கு வேண்டாமா?

2014-இல் நடந்ததைப் பாருங்கள். தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. அதை மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை என்று அதில் இருந்தது. 2014 ஆகஸ்டில் மக்களவையிலும் நவம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறிய திருத்தம் அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. எடுக்க வேண்டிய எண்ணிக்கையில் அப்ரண்டிஸ்களை எடுக்காவிட்டால், காலியாக இருக்கும் ஓர் இடத்துக்கு முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், அப்புறம் மாதத்துக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று ஆனது. சிறைக்குப் பயந்தே பல நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுக்கத் தயங்குகின்றன என்று அரசு காரணம் சொன்னது. அதில் நியாயம் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருவதைவிட அபராதம் கட்டுவது மலிவு என்றால், எந்தக் கணக்குப்பிள்ளையும் எதைச் சொல்வார்? இதே திருத்தம்தான் வேலை நேரத்தை நிர்ணயிக்கும் உரிமையையும் நிறுவனத்தின் கையில் கொடுத்தது. இரண்டு பக்கமும் பேச இடமுள்ள விஷயம் இது. அதனால்தான் எங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம் என்று எனக்குப் படுகிறது. உதவித்தொகை எவ்வளவு என்பது சட்டத்தில் இல்லை, விதிகளில் இருக்கிறது. 2019-இல் திருத்திய விதிகளில் ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய தொழில் பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது 2025 மே மாதத்தில். நடுவில் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் வாடகையும் பஸ் கட்டணமும் அப்படியே நின்றுவிடவில்லை. வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு 7,000 ரூபாயில் மாதக் கடைசி எப்படி இருக்கும் என்பது என்னிடம் போனில் கடன் கேட்கும் குரல்களிலிருந்து எனக்குத் தெரியும்.

விதிகள் அரசு போடுவது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் சொல்ல முடியாது. இந்தச் சட்டத்தின் கீழ் போடப்படும் ஒவ்வொரு விதியும் இரு அவைகளிலும் 30 நாட்கள் வைக்கப்பட வேண்டும். அதை மாற்றக் கோரி ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம். மேசையில் வைக்கப்பட்ட அந்தத் தாள்களை உங்களில் எத்தனை பேர் எடுத்துப் படித்தீர்கள் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

என் மாணவி ஒருத்தி ஒரு நிறுவனத்துக்கு அப்ரண்டிஸாகப் போனாள். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் அப்படி நடப்பது அது ஒன்று மட்டும் அல்ல. வருடம் முழுக்க அவள் செய்தது பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டியது. திரும்பி வந்தபோது, என்னிடம் கற்ற அளவெடுக்கும் பழக்கம்கூடக் கையை விட்டுப் போயிருந்தது. சட்டத்தின்படி அவள் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அதனால் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவளுக்குப் பொருந்தாது. சரி, பயிற்சி பெறுபவர் என்றால் பயிற்சியாவது கிடைக்க வேண்டும் அல்லவா? அது கிடைக்கிறதா என்று போய்ப் பார்ப்பவர் யார், எத்தனை முறை பார்க்கிறார் என்பது நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி. கேள்வி நேரம் உங்களிடம்தான் இருக்கிறது.

கொறடா உத்தரவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம் என்பதும் தெரியும். அதை மீறச் சொல்லி நான் கேட்கவில்லை. கட்சி சொன்னபடி வாக்களித்தாலும் அந்த ஓட்டு உங்கள் பெயரில் பதிவாகட்டும் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த முறை இந்தச் சட்டத்தில் எந்தத் திருத்தம் வந்தாலும், குரல் வாக்கெடுப்பு முடிந்தவுடன் உங்களில் ஒருவர் எழுந்து ‘டிவிஷன்’, அதாவது பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு, கேளுங்கள். அதற்குக் கட்சி பேதம் தேவையில்லை. மணி அடிக்கும், கதவுகள் மூடும், பொத்தானை அழுத்துவீர்கள், உங்கள் பெயர் அவைக் குறிப்பில் ஏறும். தேவையில்லை என்று சபாநாயகர் நினைத்தால் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிடலாம். அப்படிப் பெயர் ஏறாமல் போனால், எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று உங்கள் தொகுதிக்கு நீங்களே எழுதிச் சொல்லுங்கள். உதவித்தொகை விதிகள் மீண்டும் மேசைக்கு வரும்போது அந்த 30 நாட்களைச் சும்மா விடாதீர்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருக்கிறது. உங்கள் ஓட்டுப் பதிவானால், அதை எங்கள் பட்டறைப் பலகையில் எழுதிப் போடுவேன், நீங்கள் எந்தப் பக்கம் வாக்களித்திருந்தாலும்.

இப்படிக்கு,
ஓர் ஐ.டி.ஐ. பயிற்றுநர்