ஏணி விடயமாக மகளுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

நீ பறக்கப் பயிலும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் இறக்கைத் தாங்கிகளில் எரிபொருளைப் பார்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் யாரிடமாவது ஏணி கேட்டு அலைய வேண்டியிருக்கிறது என்றும், சொந்தமாக ஒன்று வாங்கினால் கூடப் பயில்கிறவர்கள் சிரிப்பார்களோ என்றும் எழுதியிருந்தாய். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நீ வாங்கு. பணத்தை நான் அனுப்புகிறேன். எதை வாங்குவது, எப்படிப் பாவிப்பது என்பதில் மட்டும் என் பேச்சைக் கொஞ்சம் கேள். சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களில், அந்தப் பெரிய சேமிப்புத் தாங்கிகளில், ஏறி எண்ணெய் அளந்த சம்பளத்தில்தான் உன்னைப் படிப்பித்தேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் குதங்கள் அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். கணக்குப் புத்தகம் என்ன சொன்னாலும், வெளிப்புறப் படிகளில் மேலே ஏறி, காற்று வரும் பக்கமாக நின்று மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை அடிவரை இறக்கி, நனைந்த இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அளவு என்று எதையும் எழுதுவோம். குண்டு பித்தளையாக இருப்பது, உரசினாலும் பொறி பறக்கக்கூடாது என்பதற்காக. உன்னுடைய விமானத்தின் இரண்டு தாங்கிகளிலும் சேர்த்து 56 அமெரிக்கக் கலன்தான் கொள்ளும், அதிலும் பறப்புக்கு உதவுவது 53 கலன்தான் என்றாலும், முறை ஒன்றுதான். முகப்பிலுள்ள மானியின் முள்ளை நம்பிப் புறப்படுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீ இப்போது இருக்கும் கனடாவிலேயே 1983 ஜூலை 23 அன்று ஒரு போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இயந்திரங்களும் நின்று, கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் சறுக்கிக்கொண்டு வந்து இறங்கியது. எரிபொருள் மானிகள் வேலை செய்யாததால் தரையில் கோல் கொண்டு அளந்திருக்கிறார்கள். அளந்ததில் பிழையில்லை, லீற்றரை எடையாக மாற்றும்போது கிலோகிராமுக்குரிய எண்ணுக்குப் பதிலாக இறாத்தலுக்குரிய எண்ணைப் போட்டுவிட்டார்கள். தாங்கிக்குள் விட்டுப் பார்க்கும் உன்னுடைய அளவுகோல் கலனில் காட்டும், பம்ப் லீற்றரில் காட்டக்கூடும். ஒரு அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர் என்பதைக் கோலின் பிடியிலேயே எழுதி ஒட்டிவை. அந்தக் கோலும் அந்த வகைத் தாங்கிக்கென்று அளவு குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். வேறொரு விமானத்தின் கோல் எத்தனை அழகாக இருந்தாலும் உனக்கு உதவாது.

இனி ஏணி. இறக்கையின் மேற்பரப்பு நிலத்திலிருந்து ஏழடியை அண்டி வருகிறது என்று அளந்து எழுதியிருந்தாய். உன் உயரம் ஐந்தடி ஓரங்குலம், கண் அதற்கு நாலங்குலம் கீழே. கடையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு படி முக்காலியில் நின்றால் மூடியைக் கையால் தடவலாம், தாங்கிக்குள் பார்க்க முடியாது. தடவிப் பார்த்துவிட்டு நிரம்பியிருக்கிறது என்று சொல்வது அளவெடுப்பல்ல. நிற்கும் படி மூன்றடி உயரத்திலாவது இருந்தால்தான் கண் இறக்கைக்கு மேலே போகும். நாலு படி, அலுமினியம், கால்கள் அகலமாக விரிந்து தானே பூட்டிக்கொள்ளும் வகை, ஒவ்வொரு காலிலும் றப்பர், மேல் படியில் உன் இரண்டு பாதங்களும் முழுதாக அமரும் அகலம்: இவ்வளவும் இருந்தால் நிறம் எதுவாகவும் இருக்கட்டும். மேல் விளிம்பில் றப்பர் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் ரியூபை வெட்டிச் சுற்று; இறக்கையில் ஒரு கீறல் விழுந்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீதான். வாங்குமுன் பின்பக்கப் பொதிக் கதவை அளந்துகொள். மடித்தும் அதற்குள் போகாத ஏணி, வேறு தளத்தில் இறங்கி எண்ணெய் போடும் நாளில் உனக்கு இல்லாத ஏணிதான். உள்ளே வைத்தால் கட்டிவை, அதன் எடையையும் எடைக்கணக்கில் சேர்.

உடம்பிலேயே படி பொருத்திய விமானங்கள் பல உண்டு, அதில் ஏறினால் போதாதா என்று அம்மா கேட்கிறாள். காய்ந்த நாளில் போதும். மழை பெய்த காலையில், ஒரு கையில் மூடியும் மறு கையில் கோலும் இருக்கும்போது, அந்தச் சிறிய படியில் நிற்பதை அவள் கண்ணால் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டாள்.

தரை சமமாக இருக்கிறதா என்று முதலில் பார். சரிவில் நின்றால் கோலின் அளவும் பிழையாகும், எண்ணெயும் மேட்டுத் தாங்கியிலிருந்து பள்ளத்துத் தாங்கிக்கு இறங்கிவிடும். அப்படி நிறுத்த நேர்ந்தால் எந்தத் தாங்கியிலிருந்து எண்ணெய் வர வேண்டும் என்று மாற்றும் எரிபொருள் திருப்பியை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு வா. ஏணியைப் புரொப்பெல்லருக்கு அருகில் கொண்டுபோகாதே. மூடியை மூடிய பிறகு இழுத்துப் பார்: இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைவு, சரியாகப் பூட்டாத மூடி வழியாகப் பறக்கும்போது எண்ணெய் உறிஞ்சப்பட்டுப் போகும். மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். அது பெற்றோலைவிடப் பாரம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், மேலிருந்து பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஏணியை விட்டு இறங்கியதும் தாங்கியின் கீழ் வடிகாலில் கிண்ணம் பிடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிடாதே.

வேலை முடிந்ததும் ஏணியை உடனே எடுத்துவிடு. எண்ணெய் நிரப்பி ஆட்களும் ஏறினால் விமானம் சற்றுத் தாழும், இறக்கைக்குக் கீழே மறந்துபோன ஏணி பின்மடலை நெளிக்கும். இங்கே கச்சான் காற்று ஏணியைத் தூக்கி எறிவதைப் பார்த்தவன் நான், உங்கள் ஊர்க் காற்றும் சும்மா இராது. குளிர்காலம் தொடங்கியதும் இதே ஏணி இன்னொன்றுக்கும் வேண்டும்: இறக்கையின் மேற்பரப்பில் உறைபனி ஒட்டியிருக்கிறதா என்பதைக் கீழே நின்று சொல்ல முடியாது, ஒட்டியிருந்தால் கிளம்பக் கூடாது.

பொதிக் கதவின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, பார்த்துவைத்த ஏணிகளின் மடித்த நீளத்தோடு சேர்த்து எழுது. அதைப் பார்த்துவிட்டுப் பணம் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா