நான்கு குரலை ஒரே அடைப்புக்குள் போடாதீர்கள்: கிறிஸ்மஸ் ஒளிவிழா இசைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இசைக்குழுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வெள்ளவத்தை ஒத்திகையில் மூன்றாவது பாட்டு ஏன் பாதியில் நின்றது என்று உங்களுக்கே தெரியும், நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், அதனால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. "ஆல்ட்டோக்காரர் வீட்டில் பார்த்துவிட்டு வருவதில்லை" என்று மைக்கில் சொன்னீர்களே, அதற்குத்தான் இந்த மடல். பார்த்துவிட்டுத்தான் வந்தோம். நீங்கள் அனுப்பியதில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், எது என்றுதான் தெரியவில்லை.

சரிந்து கிடக்கும் போட்டோகொப்பியைப் படம் பிடித்து அனுப்புவதை விட்டு, இந்த வருடம் சுரங்களைச் சாதாரண ஆங்கில எழுத்துகளாலேயே குறிக்கும் ஏபிசி குறிமுறையில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டது நல்ல வேலை, அதற்கு நன்றி. வெறும் எழுத்துத்தான், டேட்டா தின்னாது, இலவச மென்பொருளில் போட்டால் போனிலேயே ஐந்து கோட்டு ஸ்டாஃப் வரிகளாக வந்துவிடும், ஒலிக்கவும் செய்யும். குறிமுறையில் பிழையில்லை. நீங்கள் நான்கு குரலையும் (மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்) சதுர அடைப்புக்குள் கோர்ட்டாக, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கொத்தாக, குவித்து ஒரே வரியாக எழுதியதுதான் பிரச்சினை.

ஒன்பதாவது பாரை, அதாவது ஒன்பதாவது தாளக் கட்டத்தை, பாருங்கள். ஓர் அடைப்புக்குள் மூன்று சுரம், பாடுவதோ நான்கு குரல். யாரோ இரண்டு பேர் ஒரே சுரத்தில் சேர்கிறார்கள், ஆனால் அது ஆல்ட்டோவும் டெனருமா, டெனரும் பேஸுமா என்று அடைப்பு சொல்லாது. மேலிருந்து இரண்டாவது எங்களுடையது என்று வைத்துக்கொண்டு பாடினோம். அடுத்த பாரில் டெனர் எங்களுக்கு மேலே ஏறுகிறதாம், அது பழைய அச்சுப் புத்தகம் கையில் இருக்கிற பியானோக்காரருக்கு மட்டும் தெரிந்த இரகசியம். அப்புறம் பதினோராவது பார்: சோப்ரானோ அடிக்கு ஒன்றாக ஜி (G), ஏ (A) என்று போகும்போது ஆல்ட்டோ இரண்டு அடிக்கும் ஈ (E) சுரத்திலேயே நீட்டி நிற்க வேண்டும். நீங்கள் ஈயையும் ஜியையும் ஓர் அடைப்பிலும், ஈயையும் ஏயையும் அடுத்த அடைப்பிலும் போட்டதால் போன் ஈயை இரண்டு தரம் அடித்தது, நாங்களும் அப்படியே இரண்டு தரம் பாடினோம். அடைப்புக்குள் வேறு வேறு நீளம் எழுதினாலும் சரிவராது, முதல் சுரத்தின் நீளம்தான் கோர்ட்டின் நீளம் என்று 2011 டிசம்பரில் வந்த ஏபிசி 2.1 வரையறையிலேயே இருக்கிறது. இணைப்புக் கோடு போடலாம்தான், ஆனால் இரண்டு குரலுக்கும் சொற்கள் வேறாக வருகிற இடத்தில் என்ன செய்வீர்கள்? கொத்து ரொட்டியைக் கொத்திப் போட்டுவிட்டு முட்டையைத் தனியாக எடுத்துச் சாப்பிடு என்கிற மாதிரி இருக்கிறது.

கேட்பது ஒன்றுதான்: குரல்களைத் தனித்தனியாக எழுதுங்கள். ஆங்கில வி எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, குரலின் பெயர், அதன் கீழே அந்தக் குரலின் சுரங்களும் சொற்களும். எந்தக் குரல்கள் தாளில் வர வேண்டும் என்று ஸ்கோர் கட்டளையில் குறிப்பிட்டால் மற்றவை அச்சில் வராது, ஆல்ட்டோவுக்கு ஆல்ட்டோத் தாள் கிடைக்கும். கிட்டார் வாசிக்கும் தம்பிமாருக்கு மேற்கோள் குறிக்குள் கோர்ட் பெயரை சோப்ரானோ வரியிலேயே போடலாம், அது வேறு, சதுர அடைப்பு வேறு. பியானோவில் ஓரிரு பாருக்கு மட்டும் குரல் பிரிந்தால் ஆம்பர்சாண்ட் (&) குறி போதும், பாரின் தொடக்கத்துக்குத் திரும்பி இரண்டாவது வரியை அதன்மேல் ஏற்றிவிடும்.

"பல குரல் பகுதி இன்னும் மாறக்கூடியது என்று அந்த வரையறையிலேயே போட்டிருக்கிறது" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். போட்டிருப்பது உண்மை. ஆனால் ஏபிசிஎம்2பிஎஸ், ஏபிசி2மிடி போன்ற மென்பொருள்கள் எத்தனையோ வருடமாக அதை ஏற்றுக்கொள்கின்றன. மாறக்கூடியது என்று பார்த்தால் நம் ஒத்திகை நேரத்தைவிட அதிகம் மாறுவது எதுவுமில்லை, அதற்காக ஒத்திகையை நிறுத்திவிட்டோமா? கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு நேரம் மாறியது காலி வீதியில் நிற்கும்போதுதான் தெரிகிறது, சுருதியை இறக்கியது மேடையில் நிற்கும்போதுதான் தெரிகிறது, முடிவெல்லாம் தேநீர் மேசையில் முடிந்துவிடுகிறது. இவ்வளவு சிரமம் எதற்கு, எல்லாருமே சோப்ரானோ பாடிவிட்டால் குழுவுக்கும் நிம்மதி!

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். தயவுசெய்து குரல்களைத் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். எல்லாப் பாட்டும் உடனே முடியாது என்று தெரியும், வரும் ஞாயிறுக்கு முன் மூன்றாவது பாட்டு மட்டுமாவது வரட்டும். தட்டச்சு செய்ய ஆளில்லை என்றால் அந்த அச்சுப் புத்தகத்தை ஓர் இரவு எனக்குத் தாருங்கள், நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஆல்ட்டோ பின்வரிசையில் நிற்கும் ஒருத்தி