பப்பாசியை எங்கள் முன்னால் தரம் பிரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஆடி மாதம் என் தோட்டத்திலிருந்து 620 கிலோ பப்பாசி லொறியில் ஏறியது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்று எடுத்தவர்கள் மூன்றாம் நாள் தொலைபேசியில் சொன்ன கணக்கு 410 கிலோ. மீதி தரமில்லையாம். அந்த 210 கிலோவுக்குப் பணமும் வரவில்லை, பழமும் திரும்பவில்லை, ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

வட்டக்கச்சியில் அரை ஏக்கரில் 'ரெட் லேடி' இனப் பப்பாசி வைத்திருக்கிறேன். குழிக்கு மூன்று கன்று நட்டு, பூக்கும்வரை மூன்றுக்கும் தண்ணீர் விட்டு, பூவைப் பார்த்து, ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உள்ள இருபால் மரம் ஒன்றை மட்டும் நிறுத்துகிறோம். பெண் மரத்தின் பழம் உருண்டையாகப் போகும். ஏற்றுமதிக்கு எடுப்பவர்கள் கேட்பது நீளப் பழம். கையால் வளர்த்த கன்றை வெட்டி எறிவது எனக்கு இன்னமும் பழகவில்லை. மாரியில் அடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும் என்று மேட்டுப்பாத்தி கட்டுகிறோம். பகலெல்லாம் குரங்குக் காவல். தோலில் முதல் மஞ்சட்கோடு விழுந்ததும் காம்போடு வெட்டி, பால் வடியவிட்டு, ஒவ்வொரு பழத்தையும் தாளில் சுற்றி மகனும் நானும் பெட்டியில் அடுக்குகிறோம். கீறல் பட்ட பழத்தை நான் பெட்டிக்குள் வைப்பதே இல்லை.

பிறகு கட்டுநாயக்கா விமான நிலையம் வரை ஏறத்தாழ 300 கிலோமீற்றர், குளிரூட்டாத லொறியில். அந்த வழியில் நசிந்த பழத்துக்கும் நான்தான் பொறுப்பா?

நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்காக ஒரு கொப்பி எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர், அடித்த திகதி, பறித்த திகதி எல்லாம் அதில் இருக்கின்றன. விவசாயப் போதனாசிரியர் வந்து பார்க்கிறார். சாப்பிடுகிறவருக்கு அந்த உத்தரவாதம் வேண்டும். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் என் பழத்தைக் கழிப்பவரும் எழுதித்தானே கழிக்க வேண்டும்? சந்தையில் நிறையில் பத்து வீதத்தைக் கழிவென்று வெட்டுவதைப் பற்றி வடக்கில் எத்தனையோ முறை பேசிவிட்டோம். அங்கே தராசாவது எங்கள் கண்முன் நிற்கிறது.

மாவட்டச் செயலகமும் மாகாண விவசாயத் திணைக்களமும் கிளிநொச்சியில் தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்றை அமைத்துத் தர வேண்டும். கூரை, சீமெந்துத் தரை, தண்ணீர், முத்திரையிட்ட தராசு இருந்தால் போதும். தோட்டக்காரர் முன்னிலையில் பிரித்து எடை போட்டு, தமிழில் எழுதிய பற்றுச்சீட்டில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அதன்பின் வீதியில் வரும் சேதம் வாங்கியவருடையது. கழித்த பழத்தை அங்கேயே தந்துவிடுங்கள். நாங்கள் உள்ளூரில் விற்றுக்கொள்வோம்.

எங்கள் ஒழுங்கையில் நான்கு குடும்பங்கள் இந்த மாரிக்குப் பப்பாசி வைக்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கின்றன. புரட்டாதிக்குள் நாற்றுப் போட வேண்டும். அவர்களுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பப்பாசித் தோட்டக்காரி,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.