பாயில் காய்ந்த சான்றிதழ்கள்

அன்புள்ள மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் உடன் பணிபுரிவோருக்கும்,

வழக்கமாக மார்கழி மடலில் தேர்வு, விடுதி, அடுத்த பருவத்து வகுப்புகள் என்று எழுதுவேன். இந்த முறை நன்றி சொல்ல மட்டும் எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையையும் தாமிரபரணி வெள்ளத்தையும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் வீட்டை இழந்த பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள்.

தண்ணீர் வடிந்ததும் அலுவலக அறையைத் திறந்தோம். பீரோவின் கீழ்த்தட்டில் முதலாண்டுப் பிள்ளைகளின் அசல் சான்றிதழ்கள், கட்டுக் கட்டாக, சேறும் தண்ணீருமாய் ஒட்டிக் கிடந்தன. 1992 வெள்ளத்தில் இந்தப் படி வரைக்கும் ஆறு வந்தது என்று எங்கள் அலுவலக உதவியாளர் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். கேட்டும் பீரோவை மாடிக்கு ஏற்றாமல் விட்டது நான்தான். அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கரண்ட் இல்லை, ஃபேன் போட வழியில்லை. லேசாக வெயில் அடித்ததும் மைதானத்தில் விரித்துவிடலாம் என்று கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். அப்போதுதான் ஒரு லோடு ஆட்டோ உள்ளே வந்தது. பத்தமடையிலிருந்து ஓர் அம்மா. அவர் மகள் இங்கே பி.காம். முடித்துப் பல வருஷம் ஆகிறது. முகாமில் இருக்கிற பிள்ளைகள் வெறும் தரையில் படுத்திருப்பார்களே என்று கோரைப்பாய்கள் கொண்டுவந்திருந்தார். நாங்கள் கையில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "வெயில்ல போட்டுராதீய டீச்சரம்மா, சுருண்டுரும். நெழல்ல விரிங்க, காத்து பாத்துக்கிடும்" என்றார்.

நல்ல பாய்களை முகாமுக்கு எடுத்துவைத்துவிட்டு, மீதியை மேல்மாடி வராந்தாவில் விரிக்கச் சொன்னார். தரையில் போட்டால் தாளின் அடியில் ஈரம் நிற்கும். பாயில் கோரைக்கு நடுவே காற்று போகும் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒட்டிய தாள்களைப் பிரிக்க நாங்கள் நகத்தை வைத்தபோது தடுத்தார். பாயின் ஓரத்திலிருந்து ஒரு கோரையை உருவி, இரண்டு தாளுக்கும் நடுவே நுழைத்து, மெல்ல மெல்ல நகர்த்தினார். ஒரு மதிப்பெண் பட்டியல் கிழியாமல் பிரிந்து வந்தது. அப்புறம் அடுத்தது. சாயங்காலம் வரை அவர் எழுந்திருக்கவில்லை. டீ மட்டும் குடித்தார்.

பாய் போதாமல் போனபோது, ஆட்டோவில் தனக்கென்று வைத்திருந்த ஒன்றையும் கொண்டுவந்து விரித்தார். ஓரத்தில் சிவப்பு மங்கி இரண்டு பெயர்கள் நெய்திருந்தன. பத்தமடையில் கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சேர்த்து நெய்வது உங்களில் பலருக்குத் தெரியும். அது அவருடைய கல்யாணப் பாய். "இதுல வேண்டாம்மா" என்றேன். "புள்ளைய படிப்பு டீச்சரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

இத்தனை வருஷம் இந்தக் கல்லூரியில் இருந்தும், ஓலைச்சுவடி பற்றியும் ஆவணக்காப்பு பற்றியும் கருத்தரங்கு நடத்தியும், நனைந்த ஒரு தாளை எப்படிக் காயவைப்பது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கோரையை ஊறவைத்துக் காயவைத்துப் பழகிய கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையை இனி எங்கள் மாணவர்கள் முன் ஒரு நாளாவது ஆசிரியராக உட்காரவைப்பேன்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. படகோடு வந்த கடற்கரை ஊர் மீனவர்கள், இடுப்பளவு தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து சேறு அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், தூங்காமல் கம்பம் நட்ட மின்வாரியத் தொழிலாளர்கள், சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் உதவி அனுப்பிய முன்னாள் மாணவர்கள், எங்கள் விடுதிப் பிள்ளைகளுக்குத் தங்கள் வகுப்பறைகளைத் திறந்துவிட்ட பக்கத்துக் கல்லூரிக்காரர்கள், எல்லோருக்கும் என் வணக்கம்.

சான்றிதழ்கள் தயாராக இருக்கின்றன. கல்லூரி திறந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சிலவற்றில் பாயின் வரி பதிந்திருக்கும், எழுத்து அழியவில்லை. சரியாக வராத சில தாள்களுக்கு நகல் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு. ஒரு பிள்ளையும் அதற்காக அலைய வேண்டாம். பீரோ இப்போது இரண்டாம் மாடியில் இருக்கிறது. புத்தகம், சீருடை போனவர்கள் தயங்காமல் துறைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

அந்தக் கல்யாணப் பாயை ஈரத்துணியால் துடைத்து, அதே வராந்தாவில் நிழலில் காயவைத்திருக்கிறோம். பொங்கலுக்குள் நானே பத்தமடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் முதல்வர்