டெல்நெட்டை மூடாமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர், கோவை பக்கம் கம்பெனிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நெட்வொர்க் பராமரிக்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். ஓ.டி.பி. மோசடி, வங்கிக் கணக்கு மோசடி என்று பத்திரிகைகளில் அடிக்கடி எச்சரிக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ஒவ்வொரு கட்டடத்திலும் மாடிப்படிக்கு அடியிலோ ஃபால்ஸ் சீலிங்குக்குப் பக்கத்திலோ ஒரு இரும்புப் பெட்டிக்குள் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறதே, நெட்வொர்க் சுவிட்ச், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இடத்தின் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாவற்றின் வயரும் வந்து சேருவது அதில்தான். டெல்நெட் என்கிற பழைய வழியில், இருந்த இடத்திலிருந்தே அதற்குள் நுழைந்து கட்டளை அடித்து அமைப்புகளை மாற்ற முடியும். அந்த வழியை எப்படித் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் பில்லிங் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். கோளாறு ஒரு பழைய கேபிள், அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கிளம்பும் முன் சுவிட்ச் பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டேன். போட்டவர்கள் யாரும் இப்போது தொடர்பில் இல்லை, "அட்மின், அட்மின்னு அடிச்சுப் பாருங்க தம்பி" என்றார் நிர்வாக அலுவலர். அடித்தேன், திறந்தது. அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, நோயாளிகளோடு வருபவர்கள் உட்காரும் ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் பாஸ்வேர்ட் ஒட்டியிருந்த பார்வையாளர் வைஃபையில் என் செல்போனை இணைத்து, அதிலிருந்து சுவிட்சின் ஐ.பி. முகவரிக்கு டெல்நெட் போட்டேன். யூசர்நேம் கேட்டு நின்றது. ஊசி போட்டுக்கொள்ள வந்த குழந்தையின் அப்பாவுக்கும் அதே திரை வரும் என்றேன். வைஃபை, பில்லிங், கேமரா, சுவிட்ச் நிர்வாகம் எல்லாமே பெட்டியிலிருந்து எடுத்த மேனிக்கு வீலான் 1-லேயே கிடந்தன. வீலான் என்பது ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கிற ஏற்பாடு, இங்கே எதையும் பிரிக்கவே இல்லை.

"சரி, பாஸ்வேர்டை மாத்திட்டா போதும்ல?" என்று கேட்டார். போதாது. என் லேப்டாப்பில், நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டுகிற வயர்ஷார்க் என்ற மென்பொருளை ஓடவிட்டு, அவர் கண் முன்னாலேயே டெல்நெட்டில் நுழைந்து காட்டினேன். டெல்நெட்டில் நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அப்படியே பச்சையாக வயரில் போகிறது. திரையில் யூசர்நேம் 'அஅட்ட்மிமின்ன்' என்கிற மாதிரி இரட்டை இரட்டையாகத் தெரிந்தது, ஏனென்றால் நாம் அனுப்பும் எழுத்தை சுவிட்ச் திருப்பி அனுப்பிக் காட்டுகிறது. பாஸ்வேர்டைத் திருப்பி அனுப்பாது, அதனால் அது மட்டும் ஒற்றையாக, படிக்க இன்னும் சுலபமாக இருந்தது. எவ்வளவு கஷ்டமான பாஸ்வேர்ட் வைத்தாலும் இதே கதிதான். அதைப் பார்த்த பிறகு அவர் வேறு கேள்வி கேட்கவில்லை, எப்போது மாற்றலாம் என்று மட்டும் கேட்டார்.

டெல்நெட் இன்றைய வடிவில் தரமாக்கப்பட்டது 1983-ல். அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், அதனால் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. 1995-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படித்தான் பாஸ்வேர்டுகளை ஒட்டுக் கேட்டுத் திருடினார்கள். அங்கிருந்த தாத்து யுலோனன் அதற்குப் பிறகு டெல்நெட்டுக்குப் பதிலாக எழுதியதுதான் எஸ்எஸ்எச். அதில் பேசுவது எல்லாமே மறையாக்கம் ஆகி, ஒட்டுக் கேட்பவருக்குப் புரியாதபடிதான் போகும். 30 வருடம் ஆகிவிட்டது, நம் ஊரில் இன்னும் பல பேர் டெல்நெட்டின் வாசலான 23-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள்.

அந்த மருத்துவமனையில் அன்று இரவு ஓ.பி. முடிந்த பிறகு மாற்றினோம். சிஸ்கோ என்ற நிறுவனத்தின் வகை சுவிட்ச்களில் வேலை செய்கிற தம்பிகளுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். முதலில் லேப்டாப்பை நேராக சுவிட்சோடு இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகி வேலை செய்யுங்கள், பாதியில் எது அறுந்தாலும் அந்த வழி இருக்கும். சுவிட்சுக்கு ஐ.பி. முகவரி தேவைப்படுவதே நாம் அதை நிர்வகிக்கத்தான், அதனால் அந்த முகவரியை நிர்வாகத்துக்கென்று தனியாக வைத்த ஒரு வீலானில் கொடுங்கள், நாங்கள் 99 என்று வைத்தோம். அந்த வீலான் சுவிட்சில் வயர் செருகும் எந்த போர்ட்டிலும் உயிரோடு இல்லையென்றால், முகவரி கொடுத்தும் பிங் போட்டால் (இருக்கிறாயா என்று கேட்டால்) பதில் வராது, இதில் மணிக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். டீஃபால்ட் கேட்வே, அதாவது வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வழியின் முகவரி, கொடுக்க மறந்தால் பக்கத்து டேபிளிலிருந்து திறக்கும், வேறு நெட்வொர்க்கிலிருந்து திறக்காது.

அப்புறம் ஹோஸ்ட்நேமை (சுவிட்சின் பெயரை) மாற்றி, டொமைன் பெயர் கொடுத்தால்தான் மறையாக்கத்துக்கான ஆர்எஸ்ஏ சாவியை உருவாக்கவே அது சம்மதிக்கும். சாவி எத்தனை பிட் என்று கேட்கும்போது அது காட்டும் 512-க்கு என்டர் தட்டிவிட்டுப் போகாதீர்கள், எஸ்எஸ்எச் இரண்டாம் பதிப்புக்குக் குறைந்தது 768 வேண்டும், நீங்கள் 2048 கொடுங்கள். ஆளுக்கு ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டை, அதை அப்படியே படிக்க முடியாதபடி சேமிக்கும் 'சீக்ரெட்' என்ற கட்டளையில். கடைசியாக, தூரத்திலிருந்து நுழைபவர்கள் வரும் வழிகளான விடிஒய் லைன்களில் எஸ்எஸ்எச் மட்டும் அனுமதி, அதுவும் ஐ.டி. அறையின் முகவரிகளுக்கு மட்டும். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 0 முதல் 4 வரை பூட்டிவிட்டு 5 முதல் 15 வரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். முன் கதவைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை இது.

தூரத்திலிருந்து மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மில் சுவிட்சின் ஐ.பி.யை இங்கிருந்தே மாற்றப் போய், இணைப்பு அறுந்து, ராத்திரியில் 40 கிலோமீட்டர் பைக்கில் போய்ச் சரி செய்தேன். தொடங்கும் முன் 'ரீலோட் இன் 10' கொடுத்திருந்தால், பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி, சேமித்து வைத்த பழைய அமைப்புக்கே திரும்பியிருக்கும். எல்லாம் சரியாக நடந்தால் அதை ரத்து செய்துவிட்டு, பிறகு சேமித்தால் போதும்.

உள்ளே தானே இருக்கிறது, யார் வரப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: கேமரா மாட்ட வருபவர் லேப்டாப், ஆடிட்டர் லேப்டாப், வைரஸ் ஏறிய ரிசப்ஷன் கம்ப்யூட்டர் எல்லாமே உள்ளேதான் இருக்கின்றன. 2017 மார்ச்சில் சிஸ்கோ தன்னுடைய முந்நூறுக்கும் மேற்பட்ட சுவிட்ச் மாடல்களில், டெல்நெட் திறந்திருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் முழுக் கட்டுப்பாட்டையும் எடுக்கலாம் என்று அறிவித்தது. திருத்தம் வரும் வரை டெல்நெட்டை மூடச் சொன்னது. அடுத்த வருடம் ஏப்ரலில், ஸ்மார்ட் இன்ஸ்டால் என்று தானாகவே திறந்திருக்கும் ஒரு வசதி வழியாக ஈரான், ரஷ்யா உட்படப் பல நாடுகளில் சுவிட்ச்களின் அமைப்பை அழித்தார்கள். பயன்படுத்தாத வசதியை மூட 'நோ விஸ்டாக்' என்ற ஒரே வரி போதுமாக இருந்தது.

சட்டமும் இருக்கிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதலைக் கண்டுபிடித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கருவிகளில் நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்கள் தேசிய நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். அந்த மருத்துவமனை சுவிட்சில் நான் பார்த்த தேதி 1993 மார்ச். எந்த சர்வரிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லாமல் விட்டால், பல பழைய மாடல்கள் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் அந்த மார்ச் 1-க்கே திரும்பிவிடும். எல்லோரும் 'அட்மின்' என்றே நுழைந்திருக்கிற, 1993-இல் நடந்ததாகச் சொல்கிற பதிவை வைத்துக்கொண்டு எந்த அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது?

கணினிப் பயிற்சி மையம் நடத்துபவர்கள் முதல் வகுப்பிலேயே டெல்நெட்டுக்குப் பதில் எஸ்எஸ்எச் சொல்லிக் கொடுங்கள், பையன்கள் முதலில் படித்ததைத்தான் வேலையிலும் செய்கிறார்கள். நிறுவனம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சுவிட்ச் போட்டுக் கொடுத்தவர் பில்லை நீட்டும்போது, உங்கள் பார்வையாளர் வைஃபையிலிருந்து அந்த சுவிட்சுக்கு டெல்நெட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் திரையும் வராமல் இணைப்பு மறுக்கப்பட்டால் கையெழுத்துப் போடுங்கள். யூசர்நேம் கேட்டால், பில்லை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் பராமரிப்பாளர்,
திருப்பூர்.