கிட் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. "உயிரோடு இருக்கிறாயா, அல்லது வண்டிக்கு அடியில் இருக்கிறாயா?" என்று கேட்டிருந்தாய். இரண்டும்தான். வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்பு இருந்தபடியே இருக்கிறது. பெரியவள் உன் உயரத்தைத் தாண்டிவிட்டாள். அதற்கு அவள் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பு இவ்வளவு போதும்.

நேற்றிரவு நெட்டையன் தொலைபேசியில் பேசும்போது, இரும்பு வளையங்களை வைத்து வண்டியை உயர்த்தும் ஸ்பேசர் கிட் ஒன்றை நீயும் வாங்கி வைத்திருப்பதாகவும், வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டப்போவதாகவும் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. உன் வண்டியும் என் வண்டியும் ஒரே வயது, ஒரே அமைப்பு. முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், பின்னால் காயில் ஸ்ப்ரிங்கோடு கூடிய ஒற்றை ஆக்சில். நான் செய்த தவறுகள் எல்லாம் உன் வண்டியிலும் வரிசையாகக் காத்திருக்கின்றன. நான் ஸ்பேசர் போட்ட கதையை உனக்கு இதுவரை எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். "முதலில் ஸ்ப்ரிங் தளர்ந்து உட்கார்ந்திருக்கிறதா பார்" என்று நீ அன்றைக்கே சொன்னாய், நான் சிரித்தேன். இப்போது நீயே அதைப் பார்க்காமல் கிட் வாங்கியிருக்கிறாய் என்பதுதான் எனக்கு விளங்காத வேடிக்கை.

மாட்டும் வேலை நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. முந்தின நாள் மாலையே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டிருந்தேன். மறுநாள் காலையில் பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சேஸிஸின் கீழ் இரண்டு ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியை உலுக்கிப் பார்த்த பிறகுதான் அடியில் படுத்தேன். திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பை இரண்டு பக்கமும் கழற்றிவிட வேண்டும். உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டின் நட்டைக் கழற்றிவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் நக்கிளின், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்பின், பக்கவாட்டில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டியபோது, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒட்டிக்கிடந்த அந்த இணைப்பு, கடலை உடைவதைப் போன்ற ஒரு சிறு ஓசையோடு விட்டுக்கொடுத்தது. பிறகு கடப்பாரையை, சக்கரத்தைத் தாங்கும் கீழ்த் தண்டான லோயர் ஆர்மின் மேல் வைத்து என் முழு எடையையும் கொடுத்து அழுத்த, ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலைக்கும் அது போய் முட்டும் தகட்டுக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அளவுக்கு இடைவெளி திறந்தது. அந்த இடைவெளியில் பெரியவள் ஸ்பேசரை நுழைத்து மூன்று போல்ட்டுகளையும் துளைகளில் இறக்கினாள். இம்முறை நட்டு எதுவும் மிஞ்சவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்லச் சொன்னது அவள்தான். நீ அவளுக்கு அந்தக் கதையை எப்போது சொன்னாய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஸ்பேசரின் தடிமன் 28 மி.மீ.தான், வண்டியின் முன்பக்கமோ 53 மி.மீ. உயர்ந்தது. ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி சக்கரத்தில் நேரடியாக உட்காராமல், லோயர் ஆர்மின் ஏறக்குறைய நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், அங்கே ஒரு பங்கு நகர்ந்தால் ஆர்மின் நுனியில் சக்கரம் ஏறக்குறைய இரண்டு பங்கு நகர்கிறது. பின்பக்கம் அப்படி இல்லை. ஸ்ப்ரிங் ஆக்சிலின் மேலேயே நிற்பதால் 40 மி.மீ. ஸ்பேசருக்கு 40 மி.மீ. உயரம்தான் கிடைத்தது. அன்று மாலை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, நான் தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பி நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதை மறுத்தால் பொய் சொன்னவன் ஆவேன்.

அதற்குப் பின் வந்த தொல்லைகளில் சிறியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தில் வளைத்த ஸ்டீயரிங் தானாக மையத்துக்குத் திரும்ப மறுத்தது. அலைன்மென்ட் பார்த்தபோது ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாயும் காஸ்டர் கோணம் குறைந்திருந்தது, முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவான டோவும் தாறுமாறாகக் கிடந்தது. இரவில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் எனக்கு விளக்கடித்துத் திட்டினார்கள். வண்டியின் மூக்கு உயர்ந்தவுடன் ஹெட்லைட்டும் உயர்ந்துவிடும் என்பது அதன் பிறகே என் மண்டையில் ஏறியது. பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் குறுக்குத் தண்டு சாய்ந்ததால், ஆக்சில் ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டது. இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை.

மூன்றாவது வாரத்தில் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் தொடங்கியது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் பழைய கட்டில் போலக் கிரீச்சிட்டது. அடியில் புகுந்து விளக்கடித்துப் பார்த்தால், லோயர் ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்திலுள்ள புஷ்ஷில் ரப்பர் பிறை வடிவத்தில் கிழிந்து, உதடு பிரிந்தாற்போல் வாயைத் திறந்திருந்தது. தவறு முழுக்க முழுக்க என்னுடையது. அந்த ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்ளத்தான் செய்கிறது. அதன் உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும், வெளிவளையம் ஆர்மோடு ஒட்டியிருக்கும், நடுவிலுள்ள ரப்பர் இரண்டுக்கும் இடையே முறுக்கிக்கொண்டு நெகிழும். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே நான் அந்த போல்ட்டை இறுக்கிவிட்டேன். அந்தத் தொங்கல் நிலையையே ரப்பர் தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொண்டது. வண்டியைத் தரையில் இறக்கிய கணம் முதல் அது இரவும் பகலும் முறுக்கிக்கொண்டபடியே இருந்தது. போல்ட்டை மாட்டி வைக்கலாம், நட்டைக் கையால் திருகி வைக்கலாம். ஆனால் வண்டியின் முழு எடையும் நாலு சக்கரங்களிலும் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளே அவசரத்தில் இதை விட்டுவிடுவதுண்டு என்று நெட்டையன் சொல்லி என்னைத் தேற்றினான். நான் தேறவில்லை.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம். இதற்கு முன் எழுதியதை எல்லாம் நீ மறந்தாலும் பரவாயில்லை.

ஸ்பேசர் போட்ட பத்தாவது நாள், மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு மாலையில், சரிவான சாலை ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தேன். நடு இருக்கையில் அம்மா, அவள் பக்கத்தில் என் மனைவி, கடைசி இருக்கையில் இரண்டு பிள்ளைகள், முன்னால் என் பக்கத்தில் பெரியவள். எனக்கு முன்னே போன வண்டி சட்டென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். வண்டி மூக்கைத் தரையில் குத்துவது போல் முன்னால் கவிழ்ந்ததே தவிர, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. வழக்கமாக அது நிற்கும் தூரம் என் காலுக்குத் தெரியும். அந்தத் தூரம் கடந்து போவதையும் என் கால் உணர்ந்தது. முன்வண்டிக்கு ஒரு முழம் மீதம் வைத்து நின்றோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஈரச் சாலை, தேய்ந்த டயர் என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இரவெல்லாம் மனம் அந்த இடத்தையே சுற்றி வந்தது.

மறுநாள் விடிந்ததும் பின்பக்கத்தின் அடியில் படுத்துப் பார்த்தேன். சேஸிஸில் ஒரு பிரேக் வால்வு பொருத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு கம்பி பின் ஆக்சிலுக்குப் போனது. நம் காலத்து வண்டிகளில் பின்பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்புவது என்று தீர்மானிப்பது அந்தக் கம்பிதான். வண்டியில் ஆள் ஏறினால் உடல் தாழும், கம்பி வால்வை மேலே தள்ளும், பின்பிரேக்குக்கு அழுத்தம் கூடும். ஆள் இறங்கினால் உடல் உயரும், கம்பி தளரும், வெற்று வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். புதிய வண்டிகளில் இந்தக் கணக்கை மின்னணுக் கருவி பார்த்துக்கொள்கிறது. நம்முடையதில் இந்தக் கம்பிக்குத் தெரிந்ததுதான் கணக்கு. நானோ பின்பக்கத்தை 40 மி.மீ. உயர்த்தி வைத்திருந்தேன். ஆறு பேர் ஏறி உட்கார்ந்தும், வண்டி பழைய வெற்று உயரத்துக்குக்கூடத் தாழவில்லை. வண்டிக்குள் என் குடும்பம் முழுவதும் இருந்தது. வால்வின் கணக்கில் வண்டி காலியாக இருந்தது.

நண்பா, பத்து நாட்கள் நான் அப்படி ஓட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஒரு திருமணம். கிட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தாலும் நான் படித்திருப்பேனா என்ற கேள்விக்கு நேர்மையான பதிலைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆக்சில் பக்கத்தில் அந்தக் கம்பியைத் தாங்கும் தகட்டை அதே 40 மி.மீ. உயர்த்தி வைத்ததும் பிரேக் பழையபடி ஆனது. நாலு போல்ட்டு, அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்துக்காகப் பத்து நாட்கள் அவர்களைப் பணயம் வைத்திருந்தேன் என்பதை இதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகுதான் நீ சொன்னதைச் செய்தேன். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளப்பதுதான் முறை. தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று பொய் சொல்லும். ஸ்பேசர் போடுவதற்கு முன் நான் குறித்து வைத்திருந்த அளவு, முன்பக்கம் இடது 488 மி.மீ., வலது 480. கையேட்டில் இருக்க வேண்டியது 505. அதாவது ஸ்ப்ரிங்குகள் இரண்டும் என்றோ உட்கார்ந்துபோயிருந்தன, ஓட்டுநர் பக்கம் கூடுதலாக. ஸ்பேசர் போட்ட பிறகு 541, 533. எட்டு மில்லிமீட்டர் கோணல் அப்படியே மேலே ஏறி நின்றது! ஸ்பேசர் ஸ்ப்ரிங்கைப் புதிதாக்குவதில்லை. கூன் விழுந்தவருக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஷாக் அப்சார்பரின் ஓட்டமும் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுவதில்லை. முழுதாகத் தொங்கும்போது பால் ஜாயின்ட்டும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டுகளும்தான் முன்னைவிட அதிகமாக மடங்குகின்றன. பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் குண்டோ இருந்த உயரத்திலேயே இருக்கிறது. அது உயர வேண்டுமானால் பெரிய டயர் போட வேண்டும். அதற்கு ஸ்பேசரால் ஆகாது. பாறைமேல் எதற்குப் பயந்து வண்டியை உயர்த்தினேனோ, அது உயரவே இல்லை.

ஆகவே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். நாலு பக்கமும் புதிய ஸ்ப்ரிங் போட்டு, கம்பியின் தகட்டையும் பழைய துளைக்கே இறக்கினேன். முன்பக்க ஸ்ப்ரிங் மாற்ற மட்டும் பட்டறைக்குப் போனேன். அழுத்தி வைத்த ஸ்ப்ரிங்கின் தலையில் இருக்கும் அந்த நடுநட்டைத் தொடும் துணிச்சல் எனக்கு இல்லை, உனக்கும் இருக்கக் கூடாது. இப்போது முன்பக்கம் 506, 504. பார்வைக்கும் கம்பீரமாகவே நிற்கிறது. அம்மா மறுபடியும் யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறாள்; ஸ்பேசர் இருந்த நாட்களில் அவள் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்பதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரும்பு வளையங்களில் ஒன்று சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது, மற்றொன்று இந்தத் தாள் பறக்காமல் இருக்க இதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

நீ ஸ்பேசர் போடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. உன் ஸ்ப்ரிங் நன்றாக இருந்து, நீ போகும் பாதையில் அடித்தட்டு உண்மையிலேயே உரசினால், அளவோடு போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, வண்டியில் யாரும் இல்லாத நேரத்தில், சமதளத்தில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் அளவெடு. பிறகு பின் ஆக்சிலுக்கு மேலே விளக்கடித்து, அந்தக் கம்பி இருக்கிறதா என்று பார். இரண்டையும் எழுதி அனுப்பு. அதுவரை கிட் பெட்டியைப் பிரிக்காதே. பிரிக்காத பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நானும் நெட்டையனும் ஸ்டாண்டுகளோடு வருகிறோம். கடைசி இறுக்கு மட்டும் என் கையால்தான், வண்டி தரையில் நிற்கும்போது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி