அரண்மனைச் சமையல்காரி

ரங்கூன்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஃபோனில் நீ கேட்பதெல்லாம் கால் வீக்கம், மூச்சு வாங்குவது, எடை, இவ்வளவுதான். பதில் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீக்கம் பரவாயில்லை. காலையில் எழுந்ததும் எடை பார்த்து அம்மா காலண்டரில் குறித்து வைக்கிறாள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் இதயம் சுமை தாங்காமல் உடம்பில் நீர் தங்குகிறது என்று அர்த்தமாம். அப்படி ஏறவில்லை. மாடிப்படிதான் முடியவில்லை. மூன்றாவது மாடியில் இருக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரியைத் தவிர எனக்கு வெளி உலகம் கிடையாது. கொன்சேடான் தெருக் காளியம்மனைக்கூட வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன். சரி, அது போகட்டும். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டு பர்மாக்காரப் பெண் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்து கொடுத்தாள். “அங்கிள், நீங்கள் சமையல்காரர். இதைக் கட்டாயம் பாருங்கள்” என்றாள். ‘டே ஜாங் கும்’ என்ற கொரியத் தொடர். 2003-இல் வந்தது, மொத்தம் 54 பகுதி. அந்த நாளில் நம் தெருவே சாயங்காலம் கொரியத் தொடர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது நான் கல்யாண வீடுகளில் அண்டா முன்னால் நின்றேன். எனக்கு எங்கே நேரம்? இப்போது நேரம் மட்டும்தான் இருக்கிறது. கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. வந்ததும் அம்மா அரிசியைக் களைந்து குக்கரில் போடுவாள், நான் டிவியைப் போடுவேன். அடியில் பர்மிய எழுத்து ஓடும். அம்மாவுக்கு வேகமாக வாசிக்க வராது, நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டே பார்ப்பேன். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட்டு மறுபடி போடுவோம்.

கதை ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியது. ஜாங் கும் என்று ஒரு சிறுமி. தாய் தகப்பனை இழந்து, அரண்மனைச் சமையல்கட்டில் வேலை பழக வருகிறாள். 1506 முதல் 1544 வரை ஆண்ட ஜுங்ஜோங் ராஜாவின் காலம். அந்த ராஜாங்கத்துக் குறிப்பேடுகளில் ஜாங் கும் என்ற மருத்துவப் பெண்ணைப் பற்றிச் சில வரிகள் உண்மையிலேயே இருக்கின்றன. மற்றதெல்லாம் கதை எழுதியவர்கள் கட்டியது. கட்டினவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஒரு இடம் சொல்கிறேன் கேள். ஹான் என்று ஒரு மூத்த சமையல் அம்மாள். குழந்தையிடம் “குடிக்கத் தண்ணீர் கொண்டு வா” என்கிறாள், அவ்வளவுதான். குழந்தை வெந்நீர் கொண்டுபோகிறது, வேண்டாம் என்கிறாள். பச்சைத் தண்ணீர், அதுவும் வேண்டாம். மேலே இலை மிதக்கவிட்டுக் கொண்டுபோகிறது, அதற்கும் தலையாட்டவில்லை. நாள் கணக்கில் இதே கதை. கடைசியில் குழந்தைக்குத் தன் அம்மா நினைவு வருகிறது. வயிறு வலிக்கிறதா, வெளிக்குப் போனீர்களா, தொண்டை கரகரப்பாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. தொண்டைதான் எப்போதும் வலிக்கும் என்கிறாள் அந்த அம்மாள். உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொண்டுவந்து, மெதுவாகக் குடியுங்கள் என்கிறது குழந்தை. தண்ணீரானாலும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால் அது சாப்பாடுதான், கொடுக்கிறவள் முதலில் குடிக்கிறவரின் உடம்பைக் கேட்க வேண்டும், இதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பாடம். நான் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். எத்தனை ஆயிரம் பேருக்குப் பந்தி போட்ட கை இது! தொழிலைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் சீன தேசத்துத் தூதர் வருகிற பகுதி. அவருக்கு நம் சர்க்கரை வியாதிதான். விருந்து தடபுடலாக இருக்கும் என்று எதிர்பார்த்து உட்காருகிறார். கீரையும் காய்கறியும் கடல்பாசியுமாக வைக்கிறார்கள். மனுஷனுக்குக் கோபம் வருகிறது. உடம்புக்கு ஆகாததை நாக்குக்கு இனிக்கிறது என்பதற்காகக் கொடுக்க முடியாது என்று நம் பெண் நிற்கிறாள். தண்டனை கிடைக்கலாம், பரவாயில்லை என்று நிற்கிறாள். சில நாள் அதையே சாப்பிட்டதும் அவருக்கே உடம்பு லேசாகிறது. அந்தச் சாப்பாட்டையே தொடரச் சொல்கிறார்.

அன்று ராத்திரி நான் அம்மாவிடம் சொன்னேன், நாளையிலிருந்து என் சாப்பாட்டுக்கு நானே பக்குவம் சொல்கிறேன் என்று. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வியாதிக்காரனுக்குச் சமைப்பதும் சமையல்தானே? நாப்பி என்கிற பர்மா மீன் விழுது, கருவாடு, அப்பளம், ஊறுகாய், மீன் சாறு எல்லாம் உப்புமூட்டை, அவற்றைத் தள்ளிவிட்டோம். நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு உட்காருகிறேன். அம்மா கை, என் வாய். புளிச்சக்கீரைக்கு உப்பே கேட்காது, பாப்பா. பூண்டை மெல்லிசாக அரிந்து, சிறு தீயில் எண்ணெயில் பொன்னிறத்துக்குச் சற்று முன்பே இறக்க வேண்டும். இறக்கின பிறகும் அது சிவக்கும். அந்த எண்ணெயில் ஒரு கரண்டி, வறுத்த கடலை மாவு ஒரு கை, எலுமிச்சை பிழிந்து வெந்த முட்டைக்கோஸைப் பிசறினால் அத்தோ, அதுதான் பர்மா நூடுல்ஸ் கலவை, அதன் வாசம் வந்துவிடுகிறது. புளிப்பும் வறுத்த வாசமும் இருந்தால் நாக்கு உப்பைத் தேடுவது குறைகிறது. தண்ணீரும் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் எனக்கு. காலையில் பாட்டிலில் அளந்து வைத்துவிடுகிறோம், ரசமும் டீயும் அதில் கழிகிறது.

நடுவில் ஜாங் கும்முக்கு நாக்கில் ருசியே போய்விடுகிறது. சமையல்காரிக்கு அதைவிட என்ன கொடுமை! ருசியை மனதில் வரைந்து பார்க்கிற திறமை உனக்கு இருக்கிறது, அதை வைத்துச் சமை என்கிறாள் ஹான் அம்மாள். இந்த மாத்திரைகள் தின்று என் வாயும் ஒரு மாதிரி கசந்துதான் கிடக்கிறது. ஆனால் ரசம் கொதிக்கிற வாசத்திலேயே எனக்குத் தெரிகிறது, மிளகு போதும், சீரகம் போதாது என்று. அம்மா ருசி பார்த்து, ஆமாம் என்கிறாள். இதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீ அங்கே உட்கார்ந்து அப்பா முடங்கிவிட்டார் என்று அழுகிறாய் என்று அம்மா சொன்னாள். அழாதே கண்ணு. வீட்டுக்குள்தான் இருக்கிறேன், ஆனால் வேலையில் இருக்கிறேன்.

அந்த ஹான் அம்மாளை அநியாயமாகப் பழி சுமத்தி நாடு கடத்துகிறார்கள். ஜேஜு தீவுக்குப் போகிற வழியில், ஜாங் கும் முதுகிலேயே உயிர் போகிறது. அன்று நானும் அம்மாவும் சாப்பிடவில்லை. மேலே நான் எழுதவில்லை, நீயே பார். அதற்கப்புறம் அவள் வைத்தியம் படிக்கிற பாதிக் கதை, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் என் மனசு சமையல்கட்டிலேயே நிற்கிறது.

ஒன்று மறக்காதே. சிங்கப்பூரில் சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறது, அனுப்புகிறேன் என்றாயே, வாங்காதே. அதில் பொட்டாசியம் சேர்த்திருக்கும். நான் சாப்பிடும் மாத்திரைகளுடன் அது சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே கெடலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அனுப்புவதானால் நல்ல மிளகு அனுப்பு.

வேலை முடிந்து வந்ததும் தினம் ஒரு பகுதி பார். பேரனையும் கூட உட்கார வை, முதல் பகுதிகளில் குழந்தைகள் வருகிறார்கள், அவனுக்குப் பிடிக்கும். நீ ஃபோன் பண்ணும்போது எத்தனையாவது பகுதியில் இருக்கிறாய் என்று முதலில் சொல்லிவிடு. எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அப்பா